அரங்கசாமி ஜீப்பின் இயல்பு நிலை

கிணத்துக்கடவு அரங்கசாமிக்குக் கோபமே வராது என்பது அந்த வட்டாரத்துத் தோட்டக்காரர்கள் எல்லோரும் ஒத்துக்கொண்ட விஷயம். எண்ணூறு அடி ஆழத்தில் மோட்டார் மாட்டிக்கொண்டு, தோட்டத்துக்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கும்போதுகூட, "எங்கீங்க போயிரும், குழிக்குள்ளதான இருக்குது" என்று சொல்லிவிட்டு வேலையில் இறங்குகிறவர். முப்பது வருஷமாக ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து பழுதான மோட்டார்களை மேலே தூக்கிச் சரிசெய்வதுதான் அவருக்குத் தொழில். உள்ளே போன பொருள் எதுவானாலும், பொறுமையாக இழுத்தால் வெளியே வந்தே தீரும் என்பது அவர் அனுபவம். மோட்டார் வாகன ஒழுங்கு அலுவலகத்துக்குள் தன் ஜீப்பை ஓட்டிக்கொண்டு போன நாள்வரை அந்த அனுபவம் பொய்த்ததில்லை.

ஜீப் பச்சை நிறம். நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. வால்பாறையில் ஒரு எஸ்டேட்டில் ஏலம் விட்டபோது வாங்கியது. முன்பக்க பம்பரில் இரும்பு வடம் சுற்றிய வின்ச் ஒன்று இருந்தது. அதைக் கொண்டுதான் மோட்டாரையும் பைப்புகளையும் தூக்குவார். மலையடிவாரத் தோட்டங்களுக்குப் போகிற வழி பாதி ஓடை மணல், மீதி சேறு. அதனால் பழைய டயர்களைக் கழற்றிவிட்டு அகலமான டயர்கள் போட்டிருந்தார். அவை மட்கார்டுக்கு வெளியே இரண்டரை அங்குலம் துருத்திக்கொண்டு நின்றன. கதை அந்த இரண்டரை அங்குலத்தில் ஆரம்பிக்கிறது.

சித்திரைக் கடைசியில் ஜீப்புக்குப் பதினைந்து வயது முடிகிறது, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். கடைசி நாள்வரை இழுத்தடிக்கக் கூடாது என்று மாசியிலேயே ஒழுங்கு அலுவலகத்துக்குப் போனார். அது அவர் செய்த முதல் தவறு.

ஆய்வாளர் அழகிரிசாமி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பையிலிருந்து கொத்தனார்கள் வைத்திருப்பது போன்ற தூக்குக்குண்டு ஒன்றை எடுத்து, மட்கார்டின் விளிம்பிலிருந்து நூலைத் தொங்கவிட்டார். குண்டு டயரின் மேல் உட்கார்ந்தது. முன்பக்கம் ஒரு ஆளையே தூக்கக்கூடிய வின்ச்சைப் பற்றி அவர் எதுவும் கேட்கவில்லை.

"டயரு பாடிய உட்டு வெளிய நிக்குதுங்க. சேறும் கல்லும் பின்னால வர்றவன் மூஞ்சில அடிக்கும். மூடிட்டு வாங்க."

"எதுலீங்க மூடறது?"

"எதுலயாவது மூடுங்க. தூக்குக்குண்டு தரையத் தொடோணும். எனக்கு அவ்வளவுதானுங்க வேணும்."

நியாயமாகத்தான் பட்டது அரங்கசாமிக்கு. அவர் ஜீப்புக்குப் பின்னால் மொபெட்டில் வருகிறவர்கள் வெள்ளைச் சட்டையைப் பார்த்துக்கொண்டு திட்டுவதை அவரும் கண்ணாடியில் கண்டிருக்கிறார். ஆனால் டயரை நிரந்தரமாக மூடிவிட்டால் தோட்டங்களுக்குள் போக முடியாது. பெரிய சாலையிலிருந்து தோட்டங்களுக்குப் பிரிகிற இட்டேரிகளில் இரண்டு பக்கமும் கிளுவை வேலி வண்டியை உரசிக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் எதைப் பொருத்தினாலும் முதல் திருப்பத்திலேயே வேலி அதைப் பிடுங்கி வைத்துக்கொள்ளும். ஆக, தார்ச்சாலையில் மாட்டிக்கொள்ளவும் இட்டேரியில் கழற்றிக்கொள்ளவும் தோதாக ஏதாவது செய்ய வேண்டும்.

பட்டறையில் இரண்டு நீல நிற பிளாஸ்டிக் டிரம்கள் கிடந்தன. அவற்றின் வளைவும் சக்கரத்தின் வளைவும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதைக் கண்டுபிடித்தவர் அவர் மனைவி ராமாமணி. அக்கம்பக்கத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவர். பழைய நாளிதழை மட்கார்டின் மேல் வைத்து, ஓரத்தை விரலால் அழுத்தி, மடித்து, கத்தரியால் வெட்டினார்.

"ஏனுங், இது ரவிக்கைக்குக் கை வெக்கற மாதிரிதானுங்க. தோள்பட்டைகிட்ட கொஞ்சம் எச்சா உட்டு வெட்டோணும். இல்லாட்டி இழுத்துப் புடிக்கும்."

அந்தக் காகித அளவை டிரம்மின் மேல் ஒட்டி அரங்கசாமி அறுத்தார். சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் வாட்டி, உள்பக்கம் ஒரு விளிம்பு மடித்தார். அறுத்த ஓரம் கையைக் கிழிக்காமலிருக்க, தண்ணீர்க் குழாயை நீளவாக்கில் பிளந்து, ரவிக்கைக் கழுத்துக்குக் கொடுக்கிற பைப்பிங் மாதிரி மாட்டினார். வண்டியின் உடம்பில் ஏற்கெனவே இருந்த போல்ட் துளைகளிலேயே நீளமான போல்ட் கொடுத்து, சாவி தேவைப்படாத, கையாலேயே திருகக்கூடிய விங் நட்டுகளைப் போட்டார். ஒரு சக்கரத்துக்கு ஐந்து நட்டு. அந்த பிளாஸ்டிக்கில் பெயிண்ட் நிற்காது என்பதால் நீலமாகவே விட்டுவிட்டார். பச்சை ஜீப்புக்கு நீல இறக்கை முளைத்திருந்தது. ராமாமணி தூர நின்று பார்த்துவிட்டு, "கிளிக்கு மயிலுது இறக்கைய ஒட்ட வெச்ச மாதிரி இருக்குதுங்க. ஆனா நல்லாத்தானுங்க இருக்குது" என்றார். தெருவில் தேங்கி நின்ற தண்ணீரில் அரங்கசாமி வண்டியை வேகமாக விட்டுப் பார்த்தார். ஒரு சொட்டு வெளியே தெறிக்கவில்லை. கழற்றவும் மாட்டவும் நான்கு நிமிஷம்தான் ஆனது.

அன்று சாயங்காலம் குழந்தையம்மாள் கூப்பிட்டார். ஆனைமலை அடிவாரத்தில் மூன்று ஏக்கர் நேந்திரன் போட்டிருப்பவர். புருஷன் இல்லை. பிள்ளைகள் வெளியூரில். வாழை குலை தள்ளுகிற நேரத்தில் மோட்டார் நின்றுவிட்டது. வேறு இரண்டு மெக்கானிக்குகள் வந்து, அவர்களுடைய டெம்போ ஓடை மணலில் புதைந்து, டிராக்டர் வைத்து இழுத்துக் கரையேற்றி அனுப்பியிருந்தார்.

"தம்பி, நீங்கதானுங்க வரோணும். உங்க வண்டிதானுங்க ஓடைப் பள்ளத்த ஏறும்."

"நாளைக்கு ஆபீசுல ஒரு வேலைங்கக்கா. பதினோரு மணிக்கு முடிஞ்சுரும். அப்படியே நேரா அங்கதான் வாரேனுங்க."

மறுநாள் அழகிரிசாமி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு தரையைத் தொட்டது. நான்கு சக்கரத்திலும் தொட்டது. குழாயைப் பிளந்து கொடுத்திருந்த ஓரத்தை அவர் கையால் தடவிப் பார்த்தார்.

"ஜோரா பண்ணியிருக்கீங்க. வண்டியப் பதிவு பண்ணுனப்ப இது இருந்துச்சுங்களா?"

"இல்லீங்க. நீங்க சொன்னதுக்கப்புறம்தானுங்க செஞ்சேன்."

"அப்ப இது வண்டில பண்ணுன மாற்றம். அனுமதி வாங்காத மாற்றம். அகலம் கூடிப் போச்சு. நிறமும் பதிவுல பச்சைன்னுதானுங்க இருக்குது."

"அப்படிங்களா, கழட்டிடறேனுங்க." அரங்கசாமி நான்கே நிமிஷத்தில் நான்கையும் கழற்றிப் பின்சீட்டில் வைத்தார்.

அழகிரிசாமி மறுபடி குண்டைத் தொங்கவிட்டார். அது டயரில் உட்கார்ந்தது. "இப்ப டயரு வெளிய நிக்குதுங்களே."

அரங்கசாமி இறக்கையைக் கையில் எடுத்தார், ஆய்வாளரைப் பார்த்தார், மாட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார். அழகிரிசாமியும் நின்றார். கெட்ட மனிதரில்லை. அவருக்கும் தெரியவில்லை. தெரியாததை மேலே அனுப்புவது அங்கே வழக்கம்.

"தெளிவு வர்ற வரைக்கும் வண்டி இங்கயே நிக்கட்டுமுங்க" என்றார்.

எழுத்தர் தாஜுன்னிசா ரசீது எழுதினார். 'ஜீப் ஒன்று, இறக்கையுடன் அல்லது இறக்கையின்றி, பொருந்தாததை அடிக்கவும்' என்று எழுதியவர், எதை அடிப்பது என்று பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். கடைசியில் எதையும் அடிக்காமல் முத்திரை குத்திக் கொடுத்தார்.

"அந்த வின்ச்சையாவது கழட்டிக்கறேனுங்கம்மா" என்றார் அரங்கசாமி. "ஒரு அம்மிணியோட வாழை காயுதுங்க."

"ஐயோ, நிறுத்தி வெச்ச வண்டில இருந்து ஒரு போல்ட்டுகூட எடுக்கக் கூடாதுங்க. எடுத்தா அதுவும் மாற்றமாயிரும்." அந்தம்மாளின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "நீங்க ஐயாவப் பாத்து ஒரு மனு குடுங்க."

ஐயா என்பவர் அலுவலகத்தின் தலைமை அலுவலர் சென்னியப்பன். எட்டு நாள் கழித்துப் பார்க்க முடிந்தது. மேசைக்குப் பின்னால் 'ஒழுங்கே உயிர்' என்று எழுதிய பலகையின் கீழ் உட்கார்ந்து மனுவை முழுக்கப் படித்தார்.

"பாருங்க அரங்கசாமி, சட்டத்துக்கு உங்க மேல கோபமில்ல. இறக்கை இருந்தா அனுமதியில்லாத அகலம், அது ஒரு குத்தம். இறக்கை இல்லைன்னா டயரு வெளிய, அது ஒரு குத்தம். ரெண்டுல எது உங்க வண்டியோட இயல்பு நிலைன்னு தெரிஞ்சாத்தானுங்க நீங்க செஞ்சது எந்தக் குத்தம்னு நாங்க முடிவு பண்ண முடியும்? அவசரப்பட்டு ஒரு குத்தத்தப் போட்டுட்டு, நாளைக்கு அது தப்பான குத்தமா இருந்துட்டா, உங்களுக்குத்தான அநியாயம்?"

"ரோட்டுல போறப்ப மாட்டிக்குவேனுங்க, இட்டேரில கழட்டிக்குவேனுங்க. அவ்வளவுதானுங்க."

"அது உங்க சௌகரியம். நான் வண்டியோட இயல்பக் கேக்கறேன்."

அரங்கசாமி யோசித்தார். "மழ வந்தா கொடை புடிக்கறோம், நின்னா மடக்கிக்கறோம். மனுசனுக்கு எதுங்க இயல்பு?"

சென்னியப்பன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவர் முகத்தை முதல் தடவையாகப் பார்த்தார். "நல்ல கேள்வி. இதையே எழுத்து மூலமா குடுத்துருங்க. கோப்புல சேத்திருவோம்."

சேர்த்தார்கள். அந்தக் கேள்விக்காகவே ஒரு குழு அமைந்தது. சென்னியப்பன் தலைவர், அழகிரிசாமி உறுப்பினர், பொறியியல் கல்லூரி ஒன்றிலிருந்து ஒரு பேராசிரியர் நிபுணர். 'பிரித்தெடுக்கத்தக்க சக்கரப் புறநீட்டுகளின் இயல்பு நிலை ஆய்வுக் குழு' என்று பெயர். அதற்குள் பங்குனி பிறந்துவிட்டது.

குழந்தையம்மாள் கூப்பிட்டார். "தம்பி, எல தொங்கிப் போச்சுங்க. ஊட்டுப் பக்கத்துல இருக்கற நாப்பது மரத்துக்குக் கொடத்துல கொண்டு ஊத்தறேன். மீதியப் பாத்தாத்தான் பாவமா இருக்குது. எப்பங்க வருவீங்க?"

"கமிட்டி போட்டிருக்காங்கக்கா. முடிஞ்சதும் வந்தர்றேனுங்க."

"கமிட்டிங்களா? அப்ப பெரிய வேலையாத்தான் இருக்கும். நீங்க பாத்துட்டு வாங்க, தம்பி."

திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அரங்கசாமிக்கு. வேறு வண்டி கேட்டு அலைந்தார். ஜீப் வைத்திருந்தவர்களிடம் வின்ச் இல்லை. வின்ச் வைத்திருந்த லாரி ஓடையில் இறங்காது.

குழு கூடிய நாளில் பேராசிரியர் ஒரு ஸ்டாப்வாட்ச்சோடு வந்தார். அரங்கசாமியை இறக்கைகளைக் கழற்றச் சொன்னார். நான்கு நிமிஷம் இருபது விநாடி. மாட்டச் சொன்னார். நான்கு நிமிஷம் பத்து விநாடி. பிறகு குழுவைப் பார்த்துத் திரும்பினார். அவர் முகம் பிரகாசமாக இருந்தது.

"இந்த நாலு நிமிஷத்துல வண்டி எந்த நிலையில இருக்குன்னு யோசிச்சீங்களா? முழுசா மாட்டின நிலையுமில்ல, முழுசா கழட்டின நிலையுமில்ல. ஒரு இறக்கை மட்டும் இருக்கலாம், ரெண்டு இருக்கலாம், இடது முன்னாலயும் வலது பின்னாலயும் மட்டும் இருக்கலாம். மொத்தம் பதினாறு நிலைகள் சார்! நீங்க ரெண்டத்தான் பாத்திருக்கீங்க. பதினாலு நிலை பார்க்கப்படாமலேயே இருக்கு!"

சென்னியப்பனுக்கு உடம்பு சிலிர்த்தது. பார்க்கப்படாத பதினான்கு நிலைகள் தன் காம்பவுண்டுக்குள்ளேயே நின்றுகொண்டிருப்பதை நினைத்தால் எந்தப் பொறுப்புள்ள அதிகாரிக்கும் தூக்கம் வராது.

"யாருங்க மூணு இறக்கையோட வண்டி ஓட்டப் போறாங்க?" என்றார் அரங்கசாமி.

"ஓட்ட மாட்டீங்கன்னு உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். கோப்புக்குத் தெரியாதே" என்றார் சென்னியப்பன்.

பதினாறு நிலைகளையும் தனித்தனியாக ஆய்வு செய்ய முடிவானது. ஒவ்வொரு நிலைக்கும் ஆறு பக்கமிருந்து படம், ஆக மொத்தம் தொண்ணூற்றாறு. ஆய்வு காலையில் மட்டும்தான் நடக்கும். ஒரு நாளைக்கு ஒரு வண்டியை ஒரு தடவைதான் ஆய்வு செய்யலாம் என்று விதி இருந்ததால் நாளுக்கு ஒரு நிலை. கிணத்துக்கடவிலிருந்து தினமும் பஸ் பிடித்து வந்து, அன்றைய பட்டியலில் இருந்தபடி இறக்கைகளை மாட்டிக்கொடுத்துவிட்டு, படம் எடுத்து முடிந்ததும் திரும்பிப் போனார் அரங்கசாமி. ஐந்தாம் நாள் அழகிரிசாமிக்குக் காய்ச்சல். எட்டாம் நாள் நெட்வொர்க் இல்லை. ஒன்பதாவது நிலையை எடுத்த படத்தில் ஒரு நாய் குறுக்கே வந்துவிட்டதால் அதை மறுபடி எடுத்தார்கள். அடியிலிருந்து எடுக்க வேண்டிய ஆறாவது படத்துக்காக அழகிரிசாமி தினமும் வண்டிக்குக் கீழே ஊர்ந்துபோய், சட்டையெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தார்.

"இந்த வேலைக்கு வர்றதுக்கு எத்தன பரிச்ச எழுதுனேன் தெரியுங்களா?" என்று ஒரு நாள் தரையில் படுத்தபடியே கேட்டார். அரங்கசாமி கை கொடுத்து அவரைத் தூக்கிவிட்டார். தூக்கப் பழகிய கை.

பன்னிரண்டாவது நிலை முடிந்தபோது ஆய்வை நிறுத்தி வைத்தார்கள். சாலைப் பாதுகாப்பு விழா வந்துவிட்டது. காம்பவுண்டில் ஷாமியானா போட்டு, இறக்கைகள் நான்கையும் கழற்றிக் கண்காட்சியில் வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் வைத்தார்கள். 'குடிமக்களின் புத்தாக்கம்' என்று அட்டை நின்றது. அரங்கசாமிக்குச் சால்வை போர்த்தினார்கள். ராமாமணியும் வந்திருந்தார். தான் வெட்டிய அளவைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று பார்ப்பதைக் கண்டு கொஞ்சம் பெருமைப்பட்டவர், அவர்களுக்குப் பின்னால் தூசி படிந்து நின்ற ஜீப்பின் கண்ணாடியை முந்தானையால் துடைத்துவிட்டு வந்தார்.

சென்னியப்பன் மைக்கைப் பிடித்தார். மேடையில் அவர் தமிழ் வேறு.

"பெரியோர்களே! டயர் வெளியே நிற்கிறது என்று இந்த அலுவலகம் அன்று சுட்டிக்காட்டியிராவிட்டால் இந்தப் புத்தாக்கம் பிறந்திருக்குமா? இராது! மக்கள் எங்களைத் தடை என்று நினைக்கிறார்கள். நாங்கள் தூண்டுதல்! நாம் எவ்வளவுக்கெவ்வளவு தடுக்கிறோமோ, அவ்வளவுக்கவ்வளவு மக்கள் சிந்திக்கிறார்கள். ஒன்றையும் தடுக்காத நாட்டில் எவனாவது எதையாவது கண்டுபிடித்திருக்கிறானா? ஆகவே இந்த இறக்கைகளை உண்மையில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டால், அடக்கத்தோடு சொல்கிறேன், இந்த அலுவலகம்தான்!"

கைதட்டல் அடங்கியதும் அரங்கசாமியை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக் முன்னால் நின்று கும்பிட்டார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. வண்டியக் குடுத்தீங்கன்னா கெளம்பிக்குவேனுங்க."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சென்னியப்பனும் சிரித்து, அவர் முதுகில் தட்டி, "எளிமையான மனிதர்!" என்று மைக்கிலேயே சொன்னார். படியிறங்கும்போது அரங்கசாமி மெதுவாக, "நெசமாத்தானுங்க கேட்டேன்" என்றார். "அது வேற செக்‌ஷனுங்க. இன்னைக்கு விழா" என்று பதில் வந்தது.

மிச்சமிருந்த நான்கு நிலைகளும் முடிந்து, குழுவின் அறிக்கை மேலே போய், மேலிருந்து கீழே வந்து, உத்தரவு கையில் கிடைத்தபோது சித்திரை முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. தாஜுன்னிசாவே படித்துக் காட்டினார். 'மேற்படி புறநீட்டுகள் மாட்டப்பட்ட நிலை, கழற்றப்பட்ட நிலை, இடைப்பட்ட பதினான்கு நிலைகள் ஆகிய அனைத்தும் வாகனத்தின் இயல்பு நிலைகளே எனக் குழு ஒருமனதாக முடிவு செய்கிறது. எந்தக் குற்றமும் இல்லை.'

"பாத்தீங்களா, ஐயா நல்லவருங்க" என்றார் அவர். உண்மையாகவே மகிழ்ந்திருந்தார்.

"அப்ப வண்டிய எடுத்துக்கலாமுங்களா?"

தாஜுன்னிசா கணினியில் தட்டினார். முகம் மாறியது. "அண்ணா, பதிவு நாலு நாளுக்கு முன்னால காலாவதியாயிருச்சுங்களே."

"அதப் புதுப்பிக்கத்தானுங்கம்மா மாசில வந்தேன்."

"ஆமாங்க. புதுப்பிக்கோணும்னா பரிசோதன மைதானத்துக்கு வண்டியக் கொண்டு போகோணும்."

மைதானம் சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்தது. கேட்டில் நின்று பார்த்தால் தெரியும். நடுவில் நாற்பதடித் தார்ச்சாலை. பதிவு காலாவதியான வண்டி பொதுச்சாலையில் ஓடக் கூடாது. அரங்கசாமியும் அழகிரிசாமியும் கேட்டின் அருகே நின்று அந்தச் சாலையைப் பார்த்தார்கள்.

"வேற வண்டில கட்டி இழுத்துட்டுப் போலாமுங்களா?"

"இழுபடற வண்டியும் ரோட்டுலதானுங்க உருளும். பதிவு வேணும்."

"லாரில தூக்கி வெச்சுக் கொண்டு போனா?"

அழகிரிசாமி உண்மையிலேயே யோசித்தார். "தூக்கி வெச்சா அது சரக்குங்க. சரக்கா வந்தத நான் வண்டியாப் பரிசோதிக்க முடியாதுங்களே." பிறகு குரலைத் தாழ்த்தி, "இதுக்கு விதிவிலக்கு கேட்டு மேல எழுதறோமுங்க, அண்ணா. எப்படியும் வந்துரும்" என்றார்.

இறக்கைகளுக்குத்தான் இப்போது தடையெதுவும் இல்லை. அவற்றை அவரிடம் கொடுத்துவிட்டார்கள். கையொப்பம் வாங்கினார்கள். நான்கு நீல இறக்கைகளையும் கயிற்றால் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு அரங்கசாமி பஸ் ஏறினார். கண்டக்டர் என்ன இது என்று கேட்டார். "வண்டிக்கு மாட்டறதுங்க." "வண்டி எங்கீங்க?" என்று கண்டக்டர் கேட்டதற்கு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வைகாசியில் ஒரு காலை சென்னியப்பனே போன் செய்தார். குரலில் அவசரம் இருந்தது.

"அரங்கசாமிங்களா? மனுல தொழில்ங்கற எடத்துல மோட்டார் மெக்கானிக்னு போட்டிருந்தீங்களே. ஆபீஸ் போர்வெல் மோட்டார் நின்னுபோய் மூணு நாளாச்சுங்க. பாத்ரூம்ல ஒரு சொட்டுத் தண்ணியில்ல. லேடீஸ் ஸ்டாஃப்ல முக்காவாசிப் பேரு லீவு போட்டுட்டாங்க. உடனே வாங்க."

"எனக்கு வின்ச் வேணுமுங்க. வின்ச் வண்டில இருக்குது. வண்டி உங்ககிட்டத்தானுங்க இருக்குது."

"அதனாலென்ன? காம்பவுண்டுக்குள்ளதான போர்வெல். காம்பவுண்டு பொதுச்சாலை இல்லையே. இங்க எந்தச் சட்டமும் செல்லாதுங்க!"

போனார். போகாமல் இருந்திருக்கலாம் என்று ராமாமணி பிற்பாடு ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார். ஆனால் மோட்டார் நின்றுவிட்டது என்று ஒருவர் சொன்னால் போகாமலிருந்து அவருக்குப் பழக்கமில்லை. இறக்கை நான்கையும் கையோடு எடுத்துப் போயிருந்தார்.

"இத மாட்டோணுங்களா, வேண்டாமுங்களா?"

"அதெல்லாம் இப்ப யாருங்க பாக்கறாங்க!" என்றார் சென்னியப்பன்.

மூன்று மாதம் நின்றதில் பேட்டரி செத்துப் போயிருந்தது. அழகிரிசாமியும் ஓட்டுநர் தேர்வுக்கு வந்திருந்த நாலைந்து பேரும் சேர்ந்து தள்ளினார்கள். சென்னியப்பனும் ஒரு கை வைத்தார். ஜீப் இருமி, புகை கக்கி, உயிர் வந்து, அறுபதடி தள்ளியிருந்த ஆழ்குழாய்க் கிணற்றின் முன் போய் நின்றது. அரங்கசாமி கிணற்றுக்கு மேல் உயரமான இரும்பு முக்காலியை நட்டு, வடத்தைக் கொடுத்து, பைப் பைப்பாக மேலே இழுத்தார். ஒயர் ஜாயின்ட் கருகிப் போயிருந்தது. புது ஜாயின்ட் போட்டு, மறுபடி ஒவ்வொன்றாக இறக்கி முடித்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. சுவிட்சைப் போட்டார்கள். பைப் ஒரு தடவை விக்கி, செம்மண் தண்ணீரைக் கக்கி, பிறகு தெளிந்த தண்ணீர் மூன்றங்குலத்துக்குக் கொட்டியது. மாடி வராந்தாவில் நின்ற ஊழியர்கள் கைதட்டினார்கள்.

அப்போதுதான் அவர் சட்டைப்பையில் போன் அடித்தது. இரண்டு கையிலும் பைப் ரெஞ்சு. தாஜுன்னிசா போனை எடுத்து அவர் காதில் வைத்துப் பிடித்தார்.

"தம்பி, நாந்தானுங்க குழந்தையம்மா. வாழையெல்லாம் சாஞ்சு போச்சுங்க. நேத்து ஆள உட்டு வெட்டிப் போட்டாச்சு. அதச் சொல்லிப்போடலாம்னுதானுங்க கூப்ட்டேன். இனி எனக்காக நீங்க அவசரப்பட வேண்டாமுங்க."

பக்கத்தில் பைப் கொட்டிக்கொண்டே இருந்தது.

"அங்க தண்ணி சத்தம் கேக்குதுங்களே. யாரு தோட்டமுங்க?"

அவர் தாஜுன்னிசாவைப் பார்த்தார். குழந்தையம்மாள் பேசுவது தாஜுன்னிசாவுக்கும் கேட்டது. அவர் வேறு பக்கம் பார்த்தபடி போனை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"தோட்டமில்லீங்கக்கா. ஒரு ஆபீசு."

"செரி, செரி. அவுங்களுக்காச்சும் வந்துச்சே. பாத்துச் செஞ்சு குடுத்துட்டு வாங்க, தம்பி."

முக்காலியை மடித்து வண்டியில் ஏற்றினார். வடத்தைச் சுற்றினார். ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தபோது என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே கேட் திறந்து கிடந்தது. நாற்பதடிதான். அவர் கை கியரின் மேல் இருந்தது.  ஓட்டுநர் தேர்வுக்கு வந்தவர்கள்கூட அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணா" என்றார் அழகிரிசாமி, கெஞ்சுகிற குரலில். "பழைய எடத்துலயே உட்டுருங்கண்ணா. எம் பேருலதானுங்க ஒப்படைச்சிருக்குது."

அரங்கசாமி ரிவர்ஸ் போட்டார். வேப்பமரத்தடியில் வண்டியை அதே தடத்தில் நிறுத்தி, சாவியைக் கொடுத்தார். தாஜுன்னிசா ஒரு தாளை நீட்டினார். 'மேற்படி வாகனம் அலுவலகப் பயன்பாட்டுக்குப் பின் முன்பிருந்த நிலையில் திரும்ப வைக்கப்பட்டது.' எந்த நிலை என்று கேட்க வாயெடுத்தவர், கேட்காமல் கையெழுத்துப் போட்டார். சென்னியப்பன் மூன்று நாளைக்குப் பிறகு முகம் கழுவிக்கொண்டு வந்து, துண்டால் துடைத்தபடியே, விதிவிலக்குக் கோரிக்கை கண்டிப்பாகப் பரிசீலனையில் இருக்கிறது என்றார்.

மோட்டாரை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. மாடித் தொட்டி நிரம்பி வழிந்தது. தண்ணீர் சுவரோடு இறங்கி, வேப்பமரத்தடியைச் சுற்றி, ஜீப்பின் நான்கு டயர்களையும் நனைத்துவிட்டு, கேட்டுக்கு வெளியே ஓடியது. தார்ச்சாலையில் கொஞ்ச நேரம் தயங்கி நின்று, பிறகு குறுக்கே கடந்து, எதிர்ப்பக்கம் பரிசோதனை மைதானத்துக்குள் போய்ச் சேர்ந்தது.

அரங்கசாமி இறக்கைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு, அந்த ஈரத்தை மிதிக்காமல் தாண்டி, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தார்.